பழியை யார் சுமப்பது: ‘பீயிங் ஹ்யூமன்’ முதல் சீசனின் கடைசி எபிசோட்

ஒரு காட்டேரி, ஒரு ஓநாய் மனிதன், ஒரு பேய். மூன்று பேரும் ஒரே வீட்டில் குடித்தனம். ‘பீயிங் ஹ்யூமன்’ தொடரைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் இந்த ஒரு வரியிலேயே சிரித்துவிடுகிறார்கள். சிரிக்கட்டும். முதல் சீசனின் ஆறாவது எபிசோடைப் பார்த்து முடிக்கும்போது அந்தச் சிரிப்பு மிச்சம் இருக்காது. 2009 மார்ச் 1 அன்று பிபிசி த்ரீ சேனலில் வந்த எபிசோட் இது. பேய்க்கதை என்ற வகையில் டிவியில் நான் பார்த்தவற்றில் இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று விளக்க வேண்டுமானால் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் ஐந்து எபிசோடையும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடரை எழுதி உருவாக்கியவர் டோபி விட்ஹவுஸ். அவர் முதலில் யோசித்தது பேய்க்கதையே இல்லை. மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வீடு வாங்குகிறார்கள். ஒருவன் காமப் பித்திலிருந்து மீளப் பார்க்கிறவன், ஒருத்தி வாசலைத் தாண்டி வெளியே போகவே பயப்படுகிறவள், ஒருவன் கோபத்தை அடக்கத் தெரியாதவன். கதை அதற்கு மேல் நகராமல் நின்றபோதுதான் அந்த மூன்று குணங்களும் மூன்று உருவங்களாயின. கோபக்காரன் ஓநாய் ஆனான், வெளியே வராதவள் பேய் ஆனாள், மற்றவன் ரத்தம் குடிக்கிறவன் ஆனான். இந்தப் பின்னணி தெரிந்தபின் தொடரைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். மந்திர தந்திரம் எல்லாம் மேல்பூச்சுதான். உள்ளே இருப்பது சாதாரண மனிதர்களின் சாதாரண அவஸ்தை. கடைசி எபிசோடின் பலமும் அங்கேதான் இருக்கிறது.

கதை நடப்பது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில். வீட்டின் வெளிப்புறத்தை டாட்டர்டவுன் பகுதியில் எடுத்தார்கள். செங்குத்தான தெருக்களுக்கும், மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் வண்ண வண்ண வீடுகளுக்கும் பேர்போன இடம் அது. இங்கிலாந்திலேயே மிகச் செங்குத்தான குடியிருப்புத் தெரு என்று சொல்லப்படும் வேல் ஸ்ட்ரீட்டும் அங்கேதான் இருக்கிறது. ஒரு தெரு முனையில் நிற்கும் அந்த வீட்டில் கோட்டைக்குரிய கம்பீரமும் கிடையாது, பாழடைந்த மாளிகையின் பயமுறுத்தலும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் குப்பை எடுத்துப் போடும் சத்தம் கேட்கிற வீடு. அரக்கர்களை அங்கே கொண்டுவந்து குடிவைத்ததே பாதி வெற்றி.

மிட்செல் 1917இல், முதல் உலகப் போரின்போது காட்டேரியாக மாற்றப்பட்ட அயர்லாந்துக்காரன். ஏடன் டர்னர் நடித்திருக்கிறார். ஜார்ஜ் ஓநாய் மனிதன். படிப்பும் மொழிகளும் நிறைய வாய்த்தவன், ஆனால் மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் வேலை பார்க்கிறான். ரஸ்ஸல் டோவி. ஆனி அதே வீட்டின் மாடிப்படியில் விழுந்து செத்து, அங்கேயே தங்கிவிட்ட பேய். லெனோரா கிரிச்லோ. 2008 பிப்ரவரியில் வந்த சோதனை எபிசோடில் மிட்செலாகவும் ஆனியாகவும் நடித்தவர்கள் வேறு. மூவரில் டோவி மட்டுமே அப்படியே தொடர்ந்தார். இந்த எபிசோடைப் பார்த்தால் அவரை ஏன் விடவில்லை என்று கேட்கத் தோன்றாது.

மிட்செலும் ஜார்ஜும் மருத்துவமனையில் வேலை பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பல வருடம் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்த ஆள். தள்ளுவண்டி தள்ளுகிறவரை, தரை துடைக்கிறவரை யாரும் முகம் பார்ப்பதில்லை. டாக்டர் வந்தால் வழிவிடுவார்கள், நர்ஸ் வந்தால் கேள்வி கேட்பார்கள். வண்டியோடு வருகிறவர் சுவர் மாதிரி. கண்ணில் படாமல் இருக்க நினைக்கிற இருவர் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தது எழுத்தாளர் போகிற போக்கில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கீழ்த்தளத்தில் யாரும் பயன்படுத்தாத ஓர் அறை இருக்கிறது, முழுநிலவு இரவில் ஜார்ஜ் அங்கே போய்ப் பூட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் மருத்துவமனைக்குள் அலைந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரிய மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அப்படி ஓர் அறை இருக்கும். பழைய கட்டில்கள், சக்கரம் உடைந்த வண்டிகள், தலைக்கு மேலே குழாய்கள் ஓடும் சத்தம். இந்த எபிசோடின் உச்சக்கட்டம் அந்த மாதிரி ஓர் அறையில்தான் நடக்கிறது.

சரி, கதை எங்கே நிற்கிறது? ஐந்தாவது எபிசோடின் முடிவில் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்துவிட்டன. தன்னைப் படியிலிருந்து தள்ளிக் கொன்றவன் கட்டிக்கொள்ளவிருந்த ஓவன்தான் என்று தெரிந்துகொண்ட ஆனி, அவன் முன்னால் நின்று கணக்குத் தீர்த்துவிட்டாள். பாக்கி இல்லை என்றானதும் அவள் மறுவுலகத்துக்குக் கடந்துபோக வேண்டிய கதவு வீட்டுக்குள்ளேயே தோன்றுகிறது. அதே நேரத்தில் காட்டேரிகளின் தலைவன் ஹெரிக், வீட்டு வாசலில் வைத்து மிட்செலின் நெஞ்சில் மரமுளையை இறக்கிவிடுகிறான். ஆனி கதவைப் பார்க்கிறாள், கீழே கிடக்கும் நண்பனைப் பார்க்கிறாள். நண்பன் பக்கம் போகிறாள்.

ஆறாவது எபிசோட் தொடங்கும்போது முளை இதயத்தில் படாமல் தப்பிவிட்டது என்று தெரிகிறது. மிட்செல் தான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே நோயாளியாகக் கிடக்கிறான். மனித வைத்தியம் அவனுக்கு உதவாது. ரத்தம் குடித்தால் பிழைப்பான். குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன். இந்தத் தொடரில் ரத்தம் எப்போதும் குடிப்பழக்கம் போலத்தான் காட்டப்படும். விடுவது, கை நடுங்குவது, ஒரே ஒரு தடவை என்று மனம் சமாதானம் சொல்வது எல்லாம் வரும். அதனால் அந்தப் படுக்கைக் காட்சியில் ரத்தத்தைப் பற்றி ஒவ்வொருவரும் தயங்கித் தயங்கிப் பேசும்போது, குடியை விட்ட ஒருவனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும்.

அப்போது ஜோஸி வருகிறாள். 1960களில் மிட்செலைக் காதலித்தவள். அவனுக்கு வயதாகவில்லை, அவளுக்கு ஆகிவிட்டது. கிளேர் ஹிக்கின்ஸ் இந்தப் பாத்திரத்தில் வருகிறார். அதிக நேரமும் இல்லை, அழுது புரளவும் இல்லை. அந்தக் காலத்தில் அவன் என்னவென்று தெரிந்தே அவனோடு இருந்தவள், ரத்தத்தை விட்டு மனிதனைப் போல வாழலாம் என்ற எண்ணம் அவனுக்குள் வேர்பிடிக்கக் காரணமாக இருந்தவள். இப்போது அவன் பிழைக்கத் தன்னையே தர முன்வருகிறாள். அவனும் எடுத்துக்கொள்கிறான்.

எனக்கு இந்த இடம் இன்னும் முழுசாகச் செரிக்கவில்லை. ஐந்து எபிசோடிலும் பெயர் வராத ஒருத்தி தேவையான வேளையில் வந்து, தேவையானதைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். முன்பே ஒரு காட்சியில் அவளைக் காட்டியிருந்தால் இந்தத் தியாகம் இன்னும் ஆழமாகப் பாய்ந்திருக்கும். ஆனால் நடிப்பு அந்தக் குறையை நிறையவே மூடிவிடுகிறது. ஹிக்கின்ஸ் டர்னரைப் பார்க்கிற பார்வையில் காதல் இருக்கிறது, அதோடு பழைய போட்டோ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கிற ஆச்சரியமும் இருக்கிறது. இவன் அப்படியே இருக்கிறான். தன் இளமை எங்கோ போய்விட்டது. வசனத்தில் சொல்லாமலே இது புரிகிறது. காட்டேரிக் கதைகள் சாகாவரத்தைப் பளபளப்பாகக் காட்டிக் காட்டிச் சலிக்க வைத்துவிட்டன. இங்கே அதன் விலையை வேறொருத்தியின் முகத்தில் பார்க்கிறோம்.

அப்புறம் ஹெரிக். ஜேசன் வாட்கின்ஸை இந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். உயரம் இல்லை, கறுப்புக் கோட்டு இல்லை, காந்தக் கண்கள் இல்லை. போலீஸ் யூனிஃபார்ம் போட்ட, லேசாக முடி கொட்டிய, பார்த்தால் வழி கேட்கத் தோன்றுகிற மனிதர். சிரித்துக்கொண்டே பேசுகிறார். காட்டேரிகள் இனிமேல் ஒளிந்து வாழக் கூடாது, மனிதர்களை மந்தையாக மாற்ற வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஈமச்சடங்கு நடத்தும் ஒரு கடையைத் தலைமையகமாக வைத்துக்கொண்டு அதை நடத்துகிறார். பயமுறுத்தக் குரலை உயர்த்துவதில்லை. ஒரு அலுவலகத்தில் மேலதிகாரி உங்கள் தோளில் கைபோட்டு, இது உங்கள் நன்மைக்குத்தான் என்று சொன்னால் வயிற்றில் ஒரு கலக்கம் வருமே, அந்தக் கலக்கத்தை வாட்கின்ஸ் எபிசோட் முழுக்கக் கொடுக்கிறார். மிட்செலை 1917இல் காட்டேரியாக மாற்றியவரும் இவரே. அதனால் அவர் பேச்சில் பகையோடு ஒரு தகப்பனின் உரிமையும் கலந்து வருகிறது.

ஆனாலும் காட்டேரிகளின் இந்தப் பெரிய திட்டம்தான் சீசனின் பலவீனமான பகுதி. உலகத்தையே கவிழ்க்கப் போகிறோம் என்று பேசுகிறவர்கள் பத்துப் பேர் ஒரு ஹாலில் நிற்கிறார்கள். பட்ஜெட் இல்லை என்பது தெரிகிறது. ஹெரிக்கின் அடியாட்களில் ஒருவரும் மனத்தில் நிற்பதில்லை. நகரமே ஆபத்தில் இருக்கிறது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, எனக்கு அந்த வீட்டின் சமையலறையில் என்ன நடக்கப் போகிறது என்பதில்தான் கவலை இருந்தது. எழுத்தாளருக்கும் அப்படித்தான் போல. எபிசோட் பாதி தாண்டியதும் நகரத்தை மறந்துவிட்டு வீட்டைப் பற்றி மட்டும் பேசத் தொடங்கிவிடுகிறது. நல்ல வேளை.

உடம்பு தேறிய மிட்செல் ஹெரிக்கை நேருக்கு நேர் சந்தித்து முடித்துவிடலாம் என்று கிளம்புகிறான். தான் செத்தாலும் பரவாயில்லை, ஜார்ஜ் தன் காதலி நீனாவோடு ஊரைவிட்டுப் போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்பது அவன் கணக்கு. பார்க்கிற நாமும் அப்படித்தான் நடக்கும் என்று நம்புகிறோம். கதாநாயகன் மாதிரி இருப்பவன் மிட்செல். ஹெரிக்கால் உருவானவன், ஹெரிக்கோடு தீர்க்க வேண்டிய கணக்கு இருப்பவன். அவன்தான் போக வேண்டும்.

ஜார்ஜ் அவனை முந்திக்கொள்கிறான். அன்று முழுநிலவு. மிட்செலுக்குத் தெரியாமல் ஹெரிக்கை மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்கு, தான் மாறும் அந்த அறைக்கு வரவைத்து, கதவை அடைத்துவிடுகிறான். தானும் உள்ளேயே இருக்கிறான்.

ஜார்ஜ் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் கனம் புரியும். ஐந்து எபிசோடாகப் பார்த்த ஜார்ஜ் பதற்றக்காரன், சுத்தம் பார்ப்பவன். குரல் உச்சத்துக்குப் போய்க் கீச்சிடும். தனக்குள் இருக்கும் ஓநாயைப் பற்றிப் பேசக்கூட மாட்டான். அது தான் இல்லை, தனக்கு வந்த நோய் என்பான். யாருக்கும் அதனால் கெடுதல் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே மாதாமாதம் தன்னைப் பூட்டிக்கொள்கிறவன். அப்படிப்பட்டவன் முதல்முறையாக அந்த மிருகத்தை ஒரு வேலைக்குப் பயன்படுத்த முடிவெடுக்கிறான். பூட்டிய அறை இதுவரை வெளியே இருப்பவர்களைக் காப்பாற்றியது. இன்று அதே பூட்டு உள்ளே இருக்கும் ஒருவன் தப்பிக்காமல் பார்த்துக்கொள்கிறது. புதிதாக ஒரு சக்தியோ புது ஆயுதமோ வரவில்லை. முதல் எபிசோடிலிருந்து நம் கண்முன் கிடந்த பொருளை வைத்தே உச்சக்கட்டத்தைக் கட்டியிருக்கிறார்கள். திரைக்கதை எழுதப் பழகுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த எபிசோடைப் பார்க்கலாம்.

உள்ளே இருவரும் பேசுகிற பேச்சு நீளமில்லை. என்ன நடக்கப் போகிறது என்று ஹெரிக்குக்கு உடனே புரிந்துவிடுகிறது. மிரட்டலை விட்டுவிட்டுத் தர்க்கம் பேசத் தொடங்குகிறார். இவ்வளவு நாள் கட்டிக்காத்த உன் மனிதத்தன்மை என்னாகும், என்னைக் கொன்றால் நீயும் கொலைகாரன்தானே என்கிற வாதம். அது வில்லன் சொல்கிற பொய் இல்லை என்பதுதான் இங்கே கூர்மை. அவர் சொல்வது சரி. ஜார்ஜுக்கும் அது தெரியும். தெரிந்தே செய்கிறான். தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்வதைவிட வீட்டில் இருக்கும் இருவர் உயிரோடும் நிம்மதியோடும் இருப்பது பெரிது என்று முடிவு செய்துவிட்டான்.

பிறகு அவன் மாறுகிறான்.

இந்தத் தொடரில் ஓநாயாக மாறும் காட்சிக்கு ஒரு தனிக் கதை உண்டு. இதே சீசனில் ஓர் இடத்தில், ஜார்ஜ் மாறும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று மிட்செலின் குரல் ஒவ்வொன்றாக விவரிக்கும். ஓநாயின் இதயம் மனித இதயத்தைவிடச் சிறியது. சுருங்க வேண்டுமானால் அது முதலில் நிற்க வேண்டும். அதாவது மாரடைப்பு. கல்லீரலும் சிறுநீரகமும் அதே நேரத்தில் செயலிழக்கின்றன. கத்துவது நின்றுபோனால் வலி குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தொண்டையும் குரல்நாண்களும் கிழிந்து வேறாகிக்கொண்டிருக்கின்றன, அதனால்தான் சத்தம் வரவில்லை. சாகவும் விடாமல், மயங்கவும் விடாமல் ஒவ்வொரு நொடியையும் அனுபவிக்க வைக்கிறது அது. இதை ஒரு தடவை கேட்டுவிட்டால் அதற்குப்பின் ஜார்ஜ் மாறும் எந்தக் காட்சியையும் சும்மா பார்க்க முடியாது.

கடைசி எபிசோடில் அந்த விவரிப்பு தேவைப்படவில்லை, டோவியின் குரலே போதும். கவனித்துக் கேளுங்கள். தொடங்கும்போது அது ஜார்ஜின் குரல், அதே கீச்சுக் குரல், பயந்த மனிதனின் அலறல். நடுவில் எங்கோ கரகரப்பு ஏறுகிறது. எந்த நொடியில் அது மனிதக் குரலாக இல்லாமல் போனது என்று சொல்ல முடிவதில்லை. ரப்பர் தோல், ஒட்டுவேலை, சில இடங்களில் வெளிச்சத்தைக் குறைத்து மறைத்த குறைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. ஓநாயின் முழு உருவம் கொஞ்சம் பொம்மைத்தனமாகத்தான் இருக்கிறது. காதுக்கு அந்தக் குறை எதுவும் இல்லை. ஹெட்ஃபோன் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

வாடகை வீட்டில் நாலைந்து பேரோடு சேர்ந்து இருந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்று எப்போதும் இருக்கும். வீட்டு ஓனரிடம் போய்ச் சண்டை போடுவது, வாடகை தராமல் இழுத்தடிப்பவனிடம் முகத்துக்கு நேரே கேட்பது. நன்றாகப் பேசத் தெரிந்தவன், தைரியசாலி என்று பெயரெடுத்தவன் அதைச் செய்ய மாட்டான். அதிகம் பயப்படுகிறவன்தான் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய்ச் செய்துவிட்டு வந்திருப்பான். ஜார்ஜ் செய்வது அதுதான். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். இந்த எபிசோடை நான் விரும்புவதற்கு முதல் காரணம் அவன் கொன்றான் என்பதே இல்லை. மிட்செலுக்குப் போக வேண்டிய சுமையை, கேட்காமலே, அவன் எடுத்துக்கொண்டான்.

இதே கதையை அமெரிக்காவில் மறுபடியும் எடுத்தார்கள். சைஃபை சேனலில் 2011இல் தொடங்கி 2014 வரை நான்கு சீசன் ஓடியது. பாஸ்டன் நகரம், வேறு பெயர்கள். அங்கேயும் ஓநாய் மனிதன் தானே போய்ப் பூட்டிக்கொள்ளத் துணிகிறான், ஆனால் போலீஸ் காட்டேரியைக் கடைசியில் தீர்த்துக்கட்டுவது நாயகக் காட்டேரிதான். தன்னை உருவாக்கியவனைத் தானே கொல்கிறான். கதையின் கணக்குப்படி அதுதான் ஒழுங்கு. எனக்கு அதில் ஒரு பிடிப்பும் இல்லை. உருவாக்கியவனுக்கும் உருவானவனுக்கும் நடந்த சண்டையாக அது முடிந்துவிடுகிறது, வீட்டுக்கு அதில் பங்கே இல்லை. பிரிஸ்டல் கதையில் ஹெரிக்கைக் கொன்றது அந்த வீடு.

இப்போது நீனாவுக்கு வருவோம். ஷினேட் கீனன் நடித்த நர்ஸ் பாத்திரம். கூர்மையான நாக்கு, யாரிடமும் ஏமாறாத புத்தி. ஜார்ஜிடம் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், என்ன என்று அவன் சொல்லவில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். நீனாவிடம் அது பேய் என்றே யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு, ஒரு மழுப்பல். அவளுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து ஜார்ஜ் மறைத்த உண்மைதான் அவளைச் சரியாக அந்த அறை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவன் மாறுவதை அவள் கண்ணால் பார்க்கிறாள். கீனனின் முகத்தில் பயம் தாமதமாகத்தான் வருகிறது. முதலில் வருவது வலியில் துடிக்கும் ஒரு நோயாளியைப் பார்க்கும் நர்ஸின் பதைப்பு. ஓடிப்போய் உதவ வேண்டும் என்று உடம்பு முன்னால் போகிறது. மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்களிடம் இந்த அசைவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆபத்து என்று புத்தி சொல்வதற்குள் கால் நகர்ந்துவிடும்.

எல்லாம் முடிந்து, ஹெரிக் ஒழிந்து, மூவரும் உயிரோடு வீடு திரும்பியபின் நீனாவின் கையில் அந்தக் கீறல் இருப்பதைக் காட்டுகிறார்கள். ஓநாயின் நகம் பட்டுவிட்டது. அவளும் இனி அதுதான். அவள் அதை ஜார்ஜிடம் சொல்வதில்லை, மறைத்துக்கொள்கிறாள்.

இதைவிட நேர்மையான விலைச்சீட்டு வேறு இல்லை. ஜார்ஜ் எந்தப் பொய்யால் அவளைக் காப்பாற்ற நினைத்தானோ அதே பொய்யை இப்போது அவள் சொல்லத் தொடங்குகிறாள். யாருக்கும் இந்தச் சாபம் தன்னால் போய்ச் சேரக் கூடாது என்று தன்னைப் பூட்டிக்கொண்டவன், தான் நேசிக்கும் ஒருத்திக்கே அதைக் கொடுத்துவிட்டான், அது அவனுக்கே தெரியாது. நண்பர்களுக்காக நல்லது செய்தவனுக்கு நல்லதே நடக்கும் என்ற ஆறுதலைத் தொடர் நமக்குத் தர மறுக்கிறது. வீடு காப்பாற்றப்பட்டது, ஆனால் சுத்தமாகக் காப்பாற்றப்படவில்லை.

ஆனியைப் பற்றி அதிகம் சொல்லாமல் விட்டேன், எபிசோடும் அவளைக் கொஞ்சம் விட்டுவிடுகிறது. ஐந்தாவது எபிசோட் முழுக்க அவளுடையது என்பதால் இருக்கலாம். ஆனாலும் கதவைத் தாண்டிப் போகாமல் திரும்பியது எவ்வளவு பெரிய முடிவு, அதைப் பற்றி உட்கார்ந்து பேச ஒரு காட்சி வேண்டாமா? சீசன் முழுக்க அவள் டீ போட்டுக்கொண்டே இருப்பாள். குடிக்க முடியாது, ஆனால் போடுவாள். வீடு முழுக்க ஆறிப்போன கோப்பைகள். யாரும் பார்க்க முடியாத ஒருத்தி தான் இருக்கிறேன் என்பதை அந்தக் கோப்பைகளால்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி எபிசோடில் அவள் இப்படித் தயங்குகிற பெண் இல்லை. தன் சக்தியும் கோபமும் தெரிந்தவளாக நிற்கிறாள், கிரிச்லோவின் நடையே மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். காட்டேரிகளின் கூட்டக் காட்சிகளிலிருந்து அந்தப் பத்து நிமிடத்தைத் தாராளமாக எடுத்திருக்கலாம்.

கடைசியில் இரண்டாம் சீசனுக்காக ஒரு கொக்கி போட்டு வைத்திருக்கிறார்கள். தொடர் தொடருமா என்று தெரியாத நிலையில் எழுதுகிறவர்களுக்கு அது தேவைதான். எனக்கு நீனாவின் கீறலே போதுமான கொக்கியாக இருந்தது.

மேலே பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். இரண்டாம் சீசன் 2010 ஜனவரியில் வந்தது, ஆறுக்குப் பதில் எட்டு எபிசோட். இதைவிட இருட்டு, சில இடங்களில் தாங்க முடியாத அளவுக்கு. மூன்றாம் சீசனில் குடும்பம் வேல்ஸில் இருக்கும் பேரி தீவுக்கு வீடு மாறுகிறது. ஹெரிக்கை மறந்துவிடாதீர்கள், அவர் கதை இத்தோடு முடியவில்லை. மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடில் மிட்செல் தானே கேட்டுக்கொண்டு ஜார்ஜின் கையால் முடிகிறான். அங்கேயும் சுமை ஜார்ஜ் தலையில்தான். முதல் சீசனின் அந்தப் பூட்டிய அறையை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதிகள் என்று தெரியும். நான்காம் சீசன் முடிவதற்குள் மூவரும் போய் வேறு மூவர் வந்துவிடுகிறார்கள், 2013 மார்ச்சில் ஐந்தாம் சீசனோடு தொடர் முடிகிறது. புதியவர்களும் நன்றாகவே செய்தார்கள்.

இந்த எபிசோடை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்காதீர்கள். யூடியூபில் உச்சக்கட்டத் துண்டு மட்டும் பார்த்தால் ஒரு மனிதன் கத்துவதும் ஒரு போலீஸ்காரர் பேசுவதும்தான் தெரியும். ஜார்ஜை ஐந்து எபிசோட் பயந்தவனாகப் பார்த்திருக்க வேண்டும். மொத்தம் ஆறு மணி நேரம்தான், ஒரு சனி ஞாயிறு போதும். இரண்டாவது எபிசோடில் இன்னொரு ஓநாய் மனிதன் வீட்டுக்கு வந்து தங்குவான், அதைத் தாண்டிவிடாதீர்கள். ஜார்ஜ் தன் நோயைத் தானே எப்படி வெறுக்கிறான் என்பது அங்கேதான் முழுசாகத் தெரியவரும். ராத்திரி பார்ப்பதாக இருந்தால் கடைசி எபிசோடுக்கு முன்னால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், பக்கத்து அறையில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.